லேப்டாப் உழைக்குமா? தகட்டைத் தட்டாதீர்கள், கீலைப் பாருங்கள்

ஜூன், ஜூலை மாதங்களில் கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி லாமிங்டன் சாலைப் பக்கம் போனால் தமிழ்க் குரல் காதில் விழாமல் இராது. தாராவியிலிருந்தும் சயான் கோலிவாடாவிலிருந்தும், டோம்பிவிலி, கல்யாண் போன்ற தூரத்துப் புறநகர்களிலிருந்தும் அப்பாவும் மகளுமாக, அண்ணனும் தம்பியுமாக வருகிறார்கள். கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. அடுத்த செலவு லேப்டாப். கையில் இருப்பது சீட்டு எடுத்த பணம், அல்லது பி.எப். கடன். அதுவும் இல்லாதவர்களுக்கு மாதத் தவணை. கடைக்குக் கடை ஏறி இறங்கி அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மெட்டல் பாடியா, பிளாஸ்டிக்கா?"

கேள்வி நியாயமானது. எவர்சில்வர் குடத்தையும் பிளாஸ்டிக் குடத்தையும் ஒரே வீட்டில் வைத்துப் புழங்கியவர்களுக்கு எது எத்தனை காலம் உழைக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிளாஸ்டிக் குடம் குழாயடியில் இரண்டு கோடை தாங்கினால் அதிகம். எவர்சில்வர் குடம் அம்மாவுக்குச் சீர்வரிசையில் வந்து மகளுக்குச் சீர்வரிசையாகப் போகும். நசுங்கினால் தட்டி நிமிர்த்தலாம். கடைசியில் பழைய பாத்திரக்காரரிடம் எடைக்குப் போட்டாலும் காசு. இந்த அனுபவத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் லேப்டாப்பையும் பார்க்கிறார்கள். கடைக்காரருக்கும் அது தெரியும். மூடியை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி "ஃபுல் மெட்டல்" என்கிறார். விலையில் சில ஆயிரம் ஏறுகிறது.

ஆனால் குடத்துக்கு மூட்டு கிடையாது. லேப்டாப்புக்கு மூட்டு உண்டு. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பார்க்காமல் விடுவது அதைத்தான்.

உடைவது எங்கே?

ரிப்பேர் கடை மேசையில் வந்து கிடக்கும் யந்திரங்களை ஒருமுறை பாருங்கள். நடு முதுகில் ஓட்டை விழுந்தோ, வயிறு உடைந்தோ வருபவை அபூர்வம். கண்ணாடி போன திரை, தண்ணீர் கொட்டிய விசைப்பலகை, ஆட்டம் கண்ட சார்ஜர் ஓட்டை, இவற்றோடு பின்மூலையில் வாய் பிளந்து நிற்கும் லேப்டாப்புகள். கடைசியாகச் சொன்னதுதான் இங்கே விஷயம்.

மூடியையும் அடிப்பாகத்தையும் சேர்ப்பவை இரண்டு சிறு எஃகுக் கீல்கள். ரிப்பேர்காரர்கள் "ஹிஞ்ச்" என்பார்கள். வீட்டுக் கதவின் கீலைப் போல இது லொடலொடவென்று ஆடுவதல்ல. திரையை எந்தச் சாய்வில் விட்டாலும் அங்கேயே நிற்கவேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே இறுக்கமாகச் செய்யப்பட்டது. ஆகவே திறக்கும்போதும் மூடும்போதும் அது எதிர்த்து நிற்கிறது. அந்த எதிர்ப்பு முழுவதும் கீலைப் பிடித்திருக்கும் திருகாணிகளின் மேல் இறங்குகிறது.

திருகாணி எதில் மாட்டியிருக்கிறது என்பதுதான் சூட்சுமம். விலை குறைந்த யந்திரங்களில் உள்ளே சுண்டுவிரல் நுனி அளவுகூட இல்லாத பிளாஸ்டிக் தூண்கள் இருக்கும். அவற்றின் நடுவில், சூடேற்றி அழுத்திப் பதித்த பித்தளைக் குழல்கள். குழலுக்குள் மறை போட்டிருக்கும். திருகாணி அந்த மறையில் இறங்குகிறது. எஃகை பித்தளை பிடித்திருக்கிறது. பித்தளையைப் பிடித்திருப்பது வெறும் பிளாஸ்டிக்.

ஒரு நாளைக்கு 10 முறை திறந்து மூடினால் ஆண்டுக்கு 3,650 முறை. ஒவ்வொரு முறையும் அந்தத் தூண் கொஞ்சம் இழுபடுகிறது. கீலில் தடவிய மசகு வறண்டு, மும்பையின் ஈரக்காற்றில் துருவும் சேர்ந்துகொண்டால் இறுக்கம் இன்னும் கூடும். ஒரு நாள் "டக்" என்று ஒரு சத்தம். மறுநாள் மூடியைத் தூக்கினால் விசைப்பலகைத் தட்டும் கூடவே எழும்புகிறது. அன்றே நிறுத்திவிட்டால் செலவு சிறிது. பரீட்சை நேரத்தில் யார் நிறுத்துவார்கள்? இன்னும் பத்து நாள் அப்படியே திறந்து மூடினால், பிடிமானம் போன கீல் மூடியை முறுக்குகிறது. திரையின் கண்ணாடி விரிசல் விடுகிறது. திரைக்குப் போகும் மெல்லிய கம்பிப் பட்டை அறுகிறது. ஒரு பித்தளைக் குழல் பெயர்ந்ததற்குத் திரையின் விலையைக் கொடுத்துவிட்டு வரவேண்டியிருக்கிறது.

இப்போது "மெட்டல் பாடி" என்பதைப் பார்ப்போம் என்றால், அந்த வார்த்தையே பாதிப் பொய். லேப்டாப்புக்கு நான்கு முகங்கள் உண்டு. தொழிலில் ஏ, பி, சி, டி என்று அழைக்கிறார்கள். ஏ என்பது மூடியின் வெளிப்புறம். பி, திரையைச் சுற்றிய சட்டம். சி, விசைப்பலகை இருக்கும் தட்டு. டி, அடிப்பாகம். நடுத்தர விலையில் "மெட்டல்" என்று விற்கப்படுபவற்றில் பலவற்றுக்கு ஏ மட்டுமே அலுமினியம். சிலவற்றில் சி-யும் சேரும். மற்றவை வெள்ளி வண்ணம் பூசிய பிளாஸ்டிக். கண்ணுக்குத் தெரிகிற, கடையில் தட்டிக் காட்டுகிற இடத்தில் உலோகம். கீல் வந்து முட்டுகிற இடத்தில் பிளாஸ்டிக். சொல்லப்போனால் இது முழு பிளாஸ்டிக்கைவிட மோசமாகவும் முடியலாம். உலோக மூடி விறைப்பாக நிற்கும், வளைந்து கொடுக்காது. ஆகவே ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கும்போது இழுப்பு முழுவதும் கீழே உள்ள தூணுக்குப் போகிறது.

உலோகம் ஜெயித்த இடமும் தோற்ற இடமும்

உலோகம் என்றாலே உழைக்கும் என்று எண்ணுகிறவர்களுக்கு 2001-ஆம் ஆண்டு ஒரு பாடம். அந்த ஜனவரியில் ஆப்பிள் கம்பெனி டைட்டேனியம் தகடு போர்த்திய பவர்புக் ஒன்றை வெளியிட்டது. டைட்டேனியம் விமானத்துக்குப் போகிற உலோகம்; அதைவிட என்ன வேண்டும்? ஆனால் அந்த மாடலைப் பற்றி இன்றும் பேசப்படும் குறைகள் இரண்டு: வண்ணம் உதிர்ந்தது, கீல் முறிந்தது. உலோகம் வானொலி அலையை மறைப்பதால் கம்பியில்லா இணைப்பும் அதில் பலவீனம். 2003-க்குள் அந்தக் கம்பெனி டைட்டேனியத்தைக் கைவிட்டு அலுமினியத்துக்கு வந்தது. 2008-ல் ஒரே அலுமினியக் கட்டியைக் குடைந்து உடம்பு செய்யும் முறைக்குப் போனது. அது உண்மையிலேயே உறுதியான வேலை. கீல் உலோகத்தோடு உலோகமாகப் பிணைகிறது. விலை என்ன என்பதை அந்தக் கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் அறிவார்கள்.

மறுபக்கம், பிளாஸ்டிக் என்றாலே சோடை என்றும் சொல்ல முடியாது. மும்பைக்கு மிக அருகிலேயே சாட்சி உண்டு. கர்ஜத் வட்டத்தில் கைராத் என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் பள்ளிக்கூடத்தில் 2007-ல், "ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி" என்ற உலகத் திட்டத்தின்கீழ் பச்சையும் வெள்ளையுமான சிறு லேப்டாப்புகள் கொடுக்கப்பட்டன. உடம்பு முழுக்க பிளாஸ்டிக். ஆனால் அதை வடிவமைத்தவர்கள், வழக்கமான லேப்டாப்பின் சுவர் சுமார் 1.3 மில்லிமீட்டர் என்றால் இதற்கு 2 மில்லிமீட்டர் வைத்தார்கள். விசைப்பலகையை ரப்பரால் மூடினார்கள். கைப்பிடிக்குள் உதிரித் திருகாணிகளைப் போட்டே அனுப்பினார்கள். குழந்தைகள் கீழே போடுவார்கள் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு செய்த யந்திரம் அது. அந்தத் திட்டம் எதிர்பார்த்த அளவு வளரவில்லை என்பது வேறு கதை; அதற்குக் காரணம் பிளாஸ்டிக் அல்ல.

இன்னொரு சாட்சி, கறுப்பு நிறத் திங்க்பேட். ஐ.பி.எம். கம்பெனி 1992-ல் தொடங்கிய வரிசை; 2005 முதல் லெனோவோ கையில் இருக்கிறது. ஆபீசுகளில் உழைப்புக்குப் பெயர் வாங்கியது. அதன் வெளித்தோலைத் தொட்டால் பல மாடல்களில் பிளாஸ்டிக்தான், கண்ணாடி இழையோ கார்பன் இழையோ கலந்து உறுதிப்படுத்தியது. உள்ளே எலும்புக்கூடு மாதிரி மக்னீசியம் சட்டம். கீலின் திருகாணி அந்தச் சட்டத்தில் இறங்குகிறது. வெளியே பிளாஸ்டிக், உள்ளே உலோகம். லாமிங்டன் சாலையில் "மெட்டல்" என்று விற்கப்படுவதற்கு நேர் எதிர்.

பெட்டியில் துணி வைத்து ஊருக்குப் போன தலைமுறைக்கு இது புதிதல்ல. தகரப் பெட்டியின் தகடு ஓட்டை விழுந்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை. கொண்டி போகும்; கீல் போகும். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறுவதற்கு முன் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டியதெல்லாம் தகட்டுக்காக அல்ல.

லோக்கல் ரயிலும் கடற்காற்றும்

இதனால் உலோகத்துக்கு மதிப்பே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். மும்பையில் அது பெரிதும் பயன்படும் இடம் ஒன்று உண்டு: மூடி. காலை எட்டரை மணி லோக்கலில், ரயில்வேக்காரர்கள் தங்கள் பாஷையில் மிக நெருக்கடி என்று கணக்கிடும் நிலையில், ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் நிற்கிறார்கள். முதுகுப் பையை மார்பில் மாட்டிக்கொண்டு போகிறவரின் லேப்டாப் மேல் இரண்டு பேருடைய பாரம் சாய்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் மூடி உள்வாங்கி வளையும். அதன் பின்னால் இருப்பது மிக மெல்லிய கண்ணாடித் திரை. டப்பாவும் சார்ஜரும் அதே பையில் அதே பக்கம் இருந்தால் கேட்கவே வேண்டாம். அலுமினிய மூடி இந்த அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். ஆக, ஏ மட்டும் உலோகம் என்பதுகூட முழுக்க ஏமாற்று அல்ல. சொல்லி விற்றால் சரி.

கீழே விழுவது வேறு கணக்கு. பிளாஸ்டிக் வளைந்து மீளும், அல்லது விரியும். அலுமினியம் நசுங்கும், நசுங்கியபடியே நிற்கும். மூலை நசுங்கினால் சார்ஜர் ஓட்டை கோணுகிறது. திரையின் விளிம்பை நசுங்கிய தகடு அழுத்திக்கொண்டே இருக்கிறது. குடத்தைப் போலத் தட்டி நிமிர்த்தலாம் என்று பாத்திரக்கடைப் புத்தியோடு இறங்கினால் உள்ளே உள்ள அட்டை போய்விடும். விரிந்த பிளாஸ்டிக் அடிப்பாகத்துக்கு மாற்று கிடைக்கும்; சில ஆயிரத்தில் வேலை முடியும். பல உலோக யந்திரங்களில் விசைப்பலகையைத் தட்டோடு சேர்த்தே அறைந்திருக்கிறார்கள். சிலவற்றில் பேட்டரியையும் பசை போட்டு அதிலேயே ஒட்டியிருக்கிறார்கள். ஒரு பொத்தான் போனால் முழுத் தட்டையும் மாற்று என்கிறார்கள். உழைப்பு என்பதில் ரிப்பேர் செய்யும் வசதியும் சேர்த்தி. அதைக் கழித்துவிட்டு உறுதியை மட்டும் எடை போடுவது பணக்காரர்களுக்குத்தான் கட்டுப்படியாகும்.

இந்த ஊரின் காற்றையும் மறக்கக் கூடாது. உப்பும் வியர்வையும் அலுமினியத்தில் உள்ளங்கை படும் இடத்தைப் பொட்டுப்பொட்டாக அரிக்கும். மக்னீசியத்தில் மேல்பூச்சு போய்விட்டால் அரிப்பு இன்னும் வேகம். பிளாஸ்டிக் துருப்பிடிக்காது. ஆனால் சில மாடல்களில் அதன்மேல் வெல்வெட் போல மெத்தென்று ஒரு ரப்பர் பூச்சு பூசி விற்றார்கள். கையில் எடுத்தால் சுகமாக இருக்கும். நாலைந்து மழைக்காலம் போனதும் அந்தப் பூச்சு ஈரத்தில் சிதைந்து, பலாப்பழம் அறுத்த கத்தி மாதிரி பிசுபிசுக்கும். தின்னர் போட்டுத் துடைத்தால் அடியில் உள்ள பிளாஸ்டிக்கும் கரையும்.

உலோக உடம்பில் கை வைத்தால் "ஜிவ்" என்று எறும்பு ஊர்வது போலிருக்கிறது என்று சிலர் பயப்படுகிறார்கள். சார்ஜருக்குள் உள்ள வடிகட்டி வழியாக வரும் மிகச் சிறு மின்கசிவு அது. நல்ல சார்ஜராக இருந்தால் ஆபத்து இல்லை. இரண்டு முள் பிளக்கானாலும், மூன்று முள் பிளக்கை எர்த் இல்லாத பிளக்பாயிண்டில் சொருகினாலும் அது உடம்பில் தெரியும். பழைய சால்களில் மூன்றாவது ஓட்டை இருக்கும், அதன் பின்னால் ஒயர் இருக்காது. லேப்டாப்பைக் குறை சொல்வதற்கு முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்ப்பது நல்லது. பிரிட்ஜுக்கும் மிக்சிக்கும்கூட அந்த எர்த்தே காப்பு.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அலுமினியம் பிளாஸ்டிக்கைவிட நூற்றுக்கணக்கான மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். அதனால்தான் கடையில் தொட்டவுடன் ஜில்லென்று இருக்கிறது. உலோகமா என்று சோதிக்கத் தட்டிப் பார்ப்பதைவிட இதுவே நம்பகமான வழி. காந்தம் வைத்துப் பார்ப்பது வீண், அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. அதே குணத்தால் வேலை நடக்கும்போது மடியைச் சுடுவதும் உலோகம்தான்.

"ராணுவத் தரம்" என்னும் மாயம்

உலோகத்துக்கு அடுத்தபடி இப்போது விளம்பரத்தில் அடிபடுவது "மிலிட்டரி கிரேடு". பட்டாளத்துக்காரன் எடுத்துப்போகும் சாமான் என்று நினைத்து வாங்குகிறார்கள். உண்மையில் அது அமெரிக்க ராணுவம் 1962-ல் முதன்முதலாக வெளியிட்ட ஒரு சோதனை நூல்; 810 என்ற எண் கொண்டது. 2019-ல் எச் என்ற திருத்தம் வந்தது. தூசி, வெப்பம், அதிர்வு, விழுதல் என்று சோதனைகளை எப்படி நடத்துவது என்று அதில் எழுதியிருக்கிறது. ஆனால் லேப்டாப்புக்கு "தேறியது" என்று முத்திரை குத்த ராணுவ அலுவலகம் எதுவும் இல்லை. எந்தச் சோதனைகளைச் செய்வது என்று கம்பெனியே தேர்ந்துகொள்ளலாம். கேள்வித்தாளில் பிடித்த கேள்வியை மட்டும் எழுதிவிட்டுத் தேறியதாகச் சொல்லிக்கொள்ளலாம். சில கம்பெனிகள் நேர்மையாகப் பல சோதனைகள் செய்கின்றன. எவை என்று வெளியிடவும் செய்கின்றன. எவை என்று சொல்லாமல் வெறும் முத்திரையை மட்டும் ஒட்டினால் அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அடிப்பாகத்திலும் சார்ஜரிலும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் எண் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, 2012-ல் பிறந்த உத்தரவின்படி அது கட்டாயம். ஆனால் அது மின்சார அதிர்ச்சி, தீ ஆகியவற்றிலிருந்து பாதுகாப்பைப் பற்றியது. கீல் எத்தனை ஆயிரம் தடவை தாங்கும் என்பது அதில் இல்லை.

யார் உடைத்தது?

உண்மையான அநியாயம் வாரண்டியில் இருக்கிறது. வழக்கமாக நடப்பது இதுதான். வாங்கிப் பத்து மாதத்தில் கீல் மூலை பிளக்கிறது. சர்வீஸ் சென்டரில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தால், கவுண்டரில் இருப்பவர் யந்திரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு "ஃபிசிகல் டேமேஜ்" என்று ஒரு வரி எழுதுகிறார். வாரண்டி இல்லை. மேல்தட்டும் திரையும் மாற்ற வேண்டும் என்று ஒரு தொகையைச் சொல்கிறார்கள்; சில சமயம் அது லேப்டாப்பின் விலையில் பாதியை எட்டும். அரை நாள் லீவு போட்டு வந்த மனிதர், தாமே ஏதோ தவறு செய்துவிட்டோம் என்ற நினைப்போடு வெளியே வருகிறார். வீட்டில் பிள்ளைக்குத் திட்டு விழுகிறது.

திறந்து மூடுவதற்காகவே செய்யப்பட்ட பாகம், திறந்து மூடியதால் பெயர்ந்திருக்கிறது. அதை வாங்கியவர் உடைத்ததாக எழுதுவது, மிதித்ததால் பெடல் போயிற்று என்று சைக்கிள் கடைக்காரர் சொல்வதற்குச் சமம். விழுந்த அடையாளம் இல்லை, மூலை நசுங்கவில்லை, திரையின் வெளிப்புறத்தில் கீறல் இல்லை, உள்ளே பித்தளைக் குழல் பிளாஸ்டிக்கோடு பெயர்ந்திருக்கிறது என்றால் அது செய்முறையின் குறை. அப்படித்தான் கருதப்பட வேண்டும்.

உபயோகிக்கும் விதத்தில் குறையே இல்லை என்று வாதாடுவதற்கில்லை. தமிழ்நாடு அரசு 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்தவையும் பிளாஸ்டிக் உடம்புதான். ஊரில் அண்ணன் வீட்டிலும் தங்கை வீட்டிலும் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரே பள்ளியில் ஒரே நாளில் வாங்கியவற்றில் ஒன்று பல ஆண்டு ஓடியது, மற்றொன்று இரண்டே ஆண்டில் பரணுக்குப் போனது. ஒரு மூலையைப் பிடித்துத் தூக்குகிறவர் ஒரு கீலுக்கு இரு கீலின் பாரத்தைக் கொடுக்கிறார். நடுவில் பிடித்துத் திறந்தால் இரண்டும் பகிர்ந்துகொள்ளும். இதைச் சொல்லித்தர வேண்டிய கம்பெனிகள் பெட்டிக்குள் பத்து மொழியில் காகிதம் வைக்கின்றன. இந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் காண்பது அபூர்வம்.

கம்பெனிகள் தங்கள் சோதனைக் கூடங்களில் யந்திரக் கையை வைத்துக் கீலை ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடிப் பார்க்கின்றன. ஆகவே எத்தனை தடவை தாங்கும் என்ற எண் அவர்களிடம் இருக்கிறது. அதைப் பெட்டியின் மேல் அச்சிட என்ன தடை? நகைக்கு ஹால்மார்க் முத்திரை 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. தங்கம் எத்தனை காரட் என்று வாங்குகிறவர் பார்த்து வாங்குகிறார். நான்கு பவுன் விலை இல்லாவிட்டாலும், ஒரு குமாஸ்தாவின் இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்குகிற பொருளுக்கு, ஏ, பி, சி, டி என்ற நான்கு முகங்களும் எதனால் ஆனவை, கீலின் திருகாணி எதில் இறங்குகிறது என்று எழுதச் சொல்வது பெரிய கோரிக்கை அல்ல.

பிரான்சு நாட்டில் 2021 ஜனவரி முதல் லேப்டாப் உள்ளிட்ட சில பொருள்களுக்கு, ரிப்பேர் செய்ய எவ்வளவு எளிது என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று விலைச்சீட்டின் அருகில் காட்டும் வழக்கம் வந்தது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் துறை 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் இணையவாசல் ஒன்றும் திறந்தது. மொபைல், மின்னணுப் பொருள்களுக்கு மதிப்பெண் முறை வகுக்க 2024-ல் அமைத்த குழு 2025 மே மாதத்தில் அறிக்கை கொடுத்தது. லேப்டாப்புக்கு மதிப்பெண் போடும்போது திரைக்கும் பேட்டரிக்கும் கொடுக்கும் இடத்தைக் கீலுக்கும் கொடுத்தாக வேண்டும். கீலைத் தனியாக மாற்ற முடியுமா, அடித்தட்டு தனியாகக் கிடைக்குமா, என்ன விலை, எத்தனை ஆண்டு கிடைக்கும்? தொழிலாளி வீட்டு லேப்டாப்பின் ஆயுள் இந்தக் கேள்விகளில் இருக்கிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு

அதுவரை வாங்காமல் இருக்க முடியாது. கடையில் காட்சிக்கு வைத்த யந்திரத்தை நடுவில் பிடித்து மெல்லத் திறந்து பாருங்கள். திறக்கும்போது விசைப்பலகைத் தட்டு பின்மூலையில் கொஞ்சமாவது எழும்பினால் அந்த மாடலை விட்டுவிடலாம். மூடியை இரு கையாலும் பிடித்து லேசாக முறுக்கினால் திரையில் அலை ஓடக் கூடாது. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அந்த மாடலின் உள்பாகத்தைக் கழற்றிக் காட்டும் படங்கள் யூடியூபில் அநேகமாக இருக்கும். மகனோ மகளோ ஐந்து நிமிடத்தில் தேடித் தருவார்கள். கீல் எதில் திருகப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் அதில் பார்த்தால் போதும்.

பழையதை வாங்கக் கூச்சப்பட வேண்டாம். பெரிய ஆபீசுகள் மூன்று நான்கு ஆண்டு வைத்திருந்துவிட்டுக் கழிக்கும் லேப்டாப்புகள் லாமிங்டன் சாலைக்கு வருகின்றன. ஆபீசுக்கென்று செய்யப்பட்ட வரிசைகளில் உள்சட்டம் உலோகமாக இருப்பது வழக்கம். உதிரி பாகமும் கிடைக்கும். பளபளப்பு இராது. பேட்டரி மாற்ற வேண்டி வரலாம். கழற்றி மாட்டி வேறு பாகம் வைத்து விற்பவர்களும் உண்டு என்பதால் பில்லும் எழுதிய வாரண்டியும் தருகிற கடையாகப் பார்க்க வேண்டும். அதே விலைக்குக் கிடைக்கும் புதிய, மெல்லிய, வெள்ளி வண்ணப் பிளாஸ்டிக்கைவிட அது கூடுதல் ஆண்டு உழைப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

வாங்கியது வாரண்டிக்குள் பிளந்து, கம்பெனி கைவிரித்தால் சும்மா இருக்க வேண்டியதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தபிறகு, புகார் கொடுப்பவர் வசிக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ வழக்குப் போடலாம். லீவில் ஊருக்குப் போனபோது திருநெல்வேலியில் வாங்கிய லேப்டாப்புக்கு மும்பையிலேயே புகார் கொடுக்கலாம் என்று பொருள். வெளியூரில் பிழைக்கிறவர்களுக்கு இது பெரிய சௌகரியம், பலருக்குத் தெரியாது. 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்னை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சர்வீஸ் சென்டர் கைவிரித்ததும் அவசரத்தில் பக்கத்துக் கடையில் கொடுத்து, எம்-சீலையோ அரால்டைட்டையோ அப்பி ஒட்ட வைத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஒட்டுவதற்கு முன் பிளந்த மூலை, பெயர்ந்த குழல், நசுங்காத விளிம்புகள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு பத்திரப்படுத்த வேண்டும். உடைந்து விழுந்த பிளாஸ்டிக் துண்டையும் தூக்கி எறியாமல் ஒரு கவரில் போட்டு வைக்கவேண்டும். பசை பூசிய பிறகு, தூண் தானாகப் பெயர்ந்ததா, யாராவது கீழே போட்டு உடைத்தார்களா என்று காட்டுவதற்கு வேறு எதுவும் மிஞ்சாது.